வெளியே உட்கார்ந்திருந்தவர்

அம்மா போன பிறகு லிஃப்ட் மெக்கானிக்குக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. வேலை முடிந்து வந்து பூட்டைத் திறப்பார். கூடத்து விளக்கைப் போடுவார். சமையலறைக்குள் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல், கழுவிக் கவிழ்த்த டம்ளரையே இன்னொரு முறை கழுவிக் கவிழ்ப்பார். டிவியைப் போட்டால் யாரோ கத்துகிறார்கள். நிறுத்தினால் காதை அடைக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தால் முள்மேல் உட்கார்ந்ததுபோல் எழுந்துவிடுவார். மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக் கடைவரை போவார். அங்கே வாங்க ஒன்றும் இருக்காது. வந்ததற்கு ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொண்டு திரும்புவார். அலமாரியில் தீப்பெட்டிகள் சேர்ந்துகொண்டே போயின. இத்தனைக்கும் அவருக்கு சிகரெட் பழக்கம் கிடையாது.

அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். காலையில் எழுந்ததும் அவர் செய்யும் முதல் வேலை, அம்மாவின் இடது முழங்கையடியில் இரண்டு விரலை வைத்துப் பார்ப்பது. ஊசி போடுவதற்காக டாக்டர்கள் ரத்தக் குழாய்களை இணைத்திருந்த இடம் அது. தொட்டால் உள்ளே பூனை உறுமுவதுபோல் இருக்கும். உறுமினால் நல்லது.

"ஓடுதும்மா" என்பார்.

"ஓடட்டும், ஓடட்டும். எவ்வளவு தூரந்தான் ஓடுதுன்னு பாப்போம்" என்பாள் அம்மா.

கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி அந்த மூன்று நாளும் அரைநாள் வேலை வாங்கியிருந்தார். சிநேகிதர்கள் எங்காவது கூப்பிட்டால், "அன்னைக்கு டயாலிசிஸ் ஆச்சே" என்பார். பெண் பார்க்கலாமா என்று கேட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே பதில்தான். கொஞ்ச நாளில் கூப்பிடுகிறவர்களும் கேட்கிறவர்களும் ஓய்ந்துபோனார்கள். வயது ஐம்பதைத் தொட்டது. கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கும் தங்கை மட்டும் போன் செய்வாள். அம்மா போன பிறகும் செய்தாள். "சாப்டியாண்ணா?" என்பாள். "ம்" என்பார். அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச்சு வராது.

ஒரு புதன்கிழமை, கம்பெனியில் இன்னும் மாற்றாத அந்த அரைநாள் கணக்கில், ஒரு ஆபீஸ் கட்டடத்தில் வேலையை முடித்துவிட்டுப் பஸ் ஏறியவர், ஏதோ யோசனையில் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். இறங்கிய பிறகுதான் தெரிந்தது. திரும்பி அடுத்த பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். கால் கேட்கவில்லை. நேரே பின்கட்டுக்கு நடந்து, டயாலிசிஸ் பிரிவின் கூடத்தில், வழக்கமாக உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். வாசலில் இருந்த வாட்ச்மேன் நிமிர்ந்து பார்த்தார். அம்மாவின் பழைய ரிப்போர்ட் ஏதாவது வாங்க வந்திருப்பார் என்று நினைத்திருக்கவேண்டும். தலையை ஆட்டிவிட்டுக் குனிந்துகொண்டார்.

ஒன்றோடொன்று கம்பியில் கோத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். சத்தத்தைக் குறைத்துவைத்த டிவி. உள்ளே போகிறவர்கள் கழற்றிவிட்ட செருப்புகள் வாசலோரம் ஒரு குவியல். மடியில் பையோடு காத்திருக்கும் மனைவிகள், மகன்கள், மருமகள்கள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மெஷின்கள் அவ்வப்போது கீச்சிட்டன. அந்தச் சத்தத்தில் லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தோள் இறங்கியது. அம்மா போனதிலிருந்து முதல்முறையாக ஒரே இடத்தில் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமையும் போனார். அப்புறம் திங்கட்கிழமை.

அந்தக் கூடத்தில் "சாப்பிட்டாச்சா" என்று யாரும் கேட்பதில்லை. "யாரு உள்ள?" என்றுதான் கேட்பார்கள். புதிதாக வந்திருந்த ஒரு பெண்மணியும் அதைத்தான் கேட்டார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வீட்டில் உட்கார நேரமில்லை என்று ஒரு பை நிறையப் பச்சைப் பட்டாணியைக் கொண்டுவந்து மடியில் போட்டு உரித்துக்கொண்டிருப்பார். அதனால் எல்லோருக்கும் அவர் பட்டாணி அக்கா. அவருடைய கணவருக்கு அப்போதுதான் டயாலிசிஸ் ஆரம்பித்திருந்தது.

"எனக்கு வீட்டுக்காரர். உங்களுக்கு யாரு உள்ள?"

"அம்மா" என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

வாயிலிருந்து வந்துவிட்டது. திருத்தியிருக்கலாம். பட்டாணி அக்கா உடனே, "எப்படி இருக்காங்க?" என்று கேட்டுவிட்டார். அம்மா எப்படி இருக்கிறாள் என்று யாரும் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது! "இன்னைக்குப் பரவால்ல. காலைல ரெண்டு வாய் கூடச் சாப்பிட்டாங்க" என்றார். சொன்னபோது நெஞ்சுக்குள் இதமாக இருந்தது.

அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒருநாள் ரத்த அழுத்தம் இறங்கியது, ஒருநாள் கால் வீக்கம் வடிந்தது. பட்டாணி அக்கா மறக்காமல் கேட்பார். இவரும் மறக்காமல் சொல்வார். கணவரைக் கூட்டிக்கொண்டு அவர் கிளம்பும்போதும் இவர் உட்கார்ந்தே இருப்பதால், அம்மாவுக்கு இன்னும் முடியவில்லை என்று நினைத்துக்கொள்வார். பேசிக்கொண்டே அவரும் பட்டாணி உரிக்கப் பழகிக்கொண்டார். உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கும் தலைமை நர்ஸுக்கு எல்லாம் தெரியும். அம்மாவின் கண்ணை மூடிவிட்டதே அவர்தான். தெரிந்தும் தெரியாததுபோல் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார்.

ஒருநாள் பட்டாணி அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "தம்பி, உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. சில நேரம் இவர் போயிட்டா நல்லாருக்குமேன்னு தோணுது. அவருக்காக இல்ல. எனக்காக. ஒரு நாள் முழுக்கத் தூங்கணும் போல இருக்கு. சொல்லவே நாக்கு கூசுது."

"எனக்கும் தோணியிருக்குக்கா" என்றார் அவர்.

பட்டாணி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அன்று முழுக்க அவர் லேசாக இருந்தார்.

அந்தக் கூடத்தில் "யாரு உள்ள?" என்று இவரைக் கேட்காத ஒரே ஆள், லாரி என்று எல்லோரும் கூப்பிட்டவர். நாலைந்து மாநிலங்களைத் தாண்டிச் சரக்கு ஓட்டிய டிரைவர். ஒரு காலத்தில் ஆஜானுபாகுவாக இருந்திருக்கவேண்டும். இப்போது அந்தக் காலத்துச் சட்டைக்குள் உடம்பு தொலைந்துபோயிருந்தது. மனைவி எப்போதோ பிரிந்து போய்விட்டாள் என்று பேச்சு. துணைக்கு ஆள் இல்லாமல்தான் வருவார். நர்ஸ் கடிந்துகொண்டால், "நாப்பது டன் வண்டிய ஒத்தை ஆளா ஓட்டினவன்மா நான். இந்தத் துக்கடா மெஷின் ஓட்டத் துணைக்கு ஆள் வேணுமா?" என்று கூடமே அதிரக் கேட்பார். உள்ளே நாலு மணி நேரம் அசையாமல் படுக்கமுடியாமல் அவர் போடும் கூச்சல் வெளியே கேட்கும். முடிந்து வரும்போது மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு வருவார்.

அப்படி ஒருநாள் தள்ளாடியவரை லிஃப்ட் மெக்கானிக் தோளில் தாங்கிக்கொண்டார். "விடுடா, எனக்கு நடக்கத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே லாரி முழு எடையையும் அவர்மேல் சாய்த்தார். பஸ்ஸில் ஏற்றி, அவருடைய அறைவரைக்கும் கொண்டுபோய் விடவேண்டியதாயிற்று. ஒரு டயர் கடையின் மாடியில், செங்குத்தான படிக்கட்டுக்கு மேலே ஒற்றை அறை. கதவருகில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே, "ஊரெல்லாம் லிஃப்ட் மாட்டுற. எனக்கு ஒண்ணு மாட்டக் கூடாதா?" என்றார். அவ்வளவுதான் அவருடைய நன்றி. அதற்குப் பிறகு "டேய் லிஃப்ட்டு" என்று உரிமையோடு தோளைப் பிடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

இப்படியே ஓடியிருக்கும். பட்டாணி அக்காவின் நல்ல மனசுதான் குட்டை உடைத்தது.

உப்பில்லாமல் தானே சுட்ட பிஸ்கட்டை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தார். லிஃப்ட் மெக்கானிக் தண்ணீர் குடிக்கப் போயிருந்த நேரத்தில், "அந்தத் தம்பியோட அம்மா எந்தக் கட்டில்? இதைக் கொடுத்துட்டு வர்றேன்" என்று உள்ளே போய்க் கேட்டிருக்கிறார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தி துணைக்கு வருகிறவர்கள் பெயர் எழுதிய பதிவேட்டைத் தேடிப் பார்த்துவிட்டு உரக்கச் சொல்லிவிட்டாள்: "அவங்க இறந்து மாசக்கணக்காச்சே!"

அவர் திரும்பி வந்தபோது பட்டாணி அக்கா நடுக்கூடத்தில் நின்றிருந்தார். கையில் டப்பா அப்படியே இருந்தது.

"செத்துப்போன அம்மாவ உள்ள படுக்கவெச்சுட்டு, இங்க வந்து உட்கார்ந்து எங்க கஷ்டத்த வேடிக்கை பாத்தீங்களா?"

"அக்கா, அப்படி இல்ல..."

"உங்களுக்கும் அதே பாடுன்னு நெனச்சுத்தான என் வயித்துல இருந்ததையெல்லாம் கொட்டினேன்? கூடப் பொறந்தவகிட்ட சொல்லாததச் சொன்னேனே! பொழுது போகலைன்னா சினிமாவுக்குப் போகவேண்டியதுதான?"

கூடமே திரும்பிப் பார்த்தது. சுற்றி ஒரு முகத்தையும் பார்க்கமுடியவில்லை அவரால். தரையைப் பார்த்துக்கொண்டே வெளியேறினார். வெளியே வந்த பிறகும் நிற்காமல் நடந்தார். பஸ் நிறுத்தத்தைத் தாண்டினார். அடுத்த நிறுத்தத்தையும் தாண்டினார்.

அதன்பிறகு வந்த நாட்களில் அவருக்கு எங்கேயும் நிலைகொள்ளவில்லை. கூடுதல் வேலை கேட்டு வாங்கினார். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு ஓடினார். சாப்பாட்டை நின்றுகொண்டே தின்றார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பயம். ஒரு பஸ்ஸில் ஏறிக் கடைசிவரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வருவார். பக்கத்தில் யாராவது உட்கார்ந்தால், பேச்சுக் கொடுத்துவிடுவார்களோ என்று எழுந்து போய் நின்றுகொள்வார். யாரும் பேச்சுக் கொடுக்காவிட்டால் அதுவும் வலித்தது.

ஒரு பத்து மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். உள்ளே ஒரே ஆள், பயந்து போய்க் கதவை அடித்துக்கொண்டிருந்தார். மாட்டிக்கொண்டவரிடம் முதலில் லிஃப்ட்டைப் பற்றிப் பேசக்கூடாது என்பது இவருடைய பல வருஷ அனுபவம். கதவோடு வாயை வைத்து, "சார், வீட்ல இருந்து வர்றீங்களா, வீட்டுக்குப் போறீங்களா?" என்று கேட்டார். "வீட்டுக்கு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?" என்றார். அந்த ஆள் சொல்லிக்கொண்டே வந்தார். மனைவி, இரண்டு பெண்கள், ஒரு நாய், தொட்டியில் மீன். அவர் மீன்களைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் பெட்டியைக் கீழே இறக்கிக் கதவைத் திறந்தாயிற்று. அந்த ஆள் இவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு போனை எடுத்துக் காதில் வைத்தபடி, வெளிச்சத்தை நோக்கி ஓட்டமாகப் போய்விட்டார்.

பழுதைச் சரிபார்க்க லிஃப்ட் பெட்டியைப் பத்தாவது மாடிக்கு ஏற்றிவிட்டு, அதன் தலைமேல் ஏறி நின்றார். பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியை மாட்டவேண்டும். கொக்கி கையில் இருந்தது. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே, கீழே இருட்டு. தான் இங்கிருந்து திரும்பி வராவிட்டால் யாருக்குத் தெரியும் என்று யோசித்தார். லிஃப்ட் வரவில்லையே என்று கட்டட மேனேஜர் கத்துவார். வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை. அந்த நினைப்பு அழுகையாக வராமல், வெறும் கணக்காக, சுத்தமாக, அமைதியாக வந்தது. அந்த அமைதிதான் அவரைப் பயமுறுத்தியது. இத்தனை நாள் அலைந்த மனசு இங்கே வந்தா அடங்கவேண்டும்? கொக்கியை மாட்டினார். பக்கத்துக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, வேறு ஆளை அனுப்பும்படி கம்பெனிக்குச் சொல்லிவிட்டு, பத்து மாடியும் படியிறங்கியே வந்தார்.

அன்று தங்கை போன் செய்தபோது, "குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள்.

"சளி" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, டயாலிசிஸ் பிரிவு வாட்ச்மேன் சைக்கிளை நிறுத்திவிட்டு எதிரே வந்தார். இவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தார்.

"என்ன சார், ஆளையே காணோம்? லாரிய எங்கயாச்சும் பாத்தீங்களா?"

"ஏன்?"

"போன வாரம் பூரா வரல. போனும் ஆஃப்ல இருக்கு. சிஸ்டர் தவிச்சுக்கிட்டிருக்காங்க. அவரு எங்க இருக்காருன்னு சரியா யாருக்கும் தெரியல. பழைய விலாசத்துக்கு ஆளனுப்பினா, காலி பண்ணிட்டுப் போயிட்டாருன்னு சொல்றாங்க."

ஒரு வாரம் என்றால் என்ன என்று லிஃப்ட் மெக்கானிக்குக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. கால் வீங்கும், பிறகு முகம் வீங்கும், பிறகு நுரையீரலில் தண்ணீர் ஏறும், படுத்தால் மூச்சு முட்டும். அதற்குப் பிறகு நெஞ்சு எந்த நிமிஷமும் நின்றுபோகலாம். வந்த பஸ்ஸை விட்டுவிட்டு எதிர்த்திசையில் போகும் பஸ்ஸுக்காகச் சாலையைக் கடந்து ஓடினார். வேலைப் பை எப்போதும்போல் தோளில் இருந்தது.

டயர் கடை திறந்திருந்தது. கடைக்காரர், "மேல ஆள் நடமாட்டமே இல்லீங்க. கதவத் தட்டினா திட்டு மட்டும் வருது. சரி, உசுரோட இருக்காருன்னு விட்டுட்டோம்" என்றார்.

மாடியேறி, மூடியிருந்த கதவைத் தட்டினார்.

"அண்ணே."

உள்ளே ஃபேன் ஓடும் சத்தம். அதற்கும் அடியில், கொதிக்கும் பாத்திரத்தின் மூடிபோல ஒரு மூச்சு.

"அண்ணே, நான்தான்."

"எந்த நான்?"

"லிஃப்ட்டு."

"இங்க லிஃப்ட் இல்ல. போ."

குரல் கேட்டதில் உயிர் வந்தது இவருக்கு. கதவை ஒட்டி மேல்படியில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிப் பேச்சை எடுக்கவில்லை. "படியெல்லாம் வழவழன்னு தேஞ்சு கிடக்கு. நீங்க எப்படித்தான் ஏறி இறங்குறீங்களோ" என்றார்.

"எங்க இறங்குறேன்? அதான் நிறுத்தியாச்சே."

"ஏண்ணே?"

மூச்சுக்கு நடுவே துண்டு துண்டாக வார்த்தை வந்தது.

"வந்து என்னத்தக் கண்டேன்? குத்துறாங்க. சுத்துது. பிடுங்குறாங்க. மறுபடி குத்துறாங்க. ரோட்டுல போனா ஒரு ஊர் வந்து சேரும்டா. சரக்க எறக்கலாம். இது எந்த ஊருக்குடா போகுது? சொல்லு."

லிஃப்ட் மெக்கானிக் யோசித்தார். ஆறுதலாக ஏதேதோ வாய்வரை வந்தது. அத்தனையும் பொய்யாகப் பட்டது. பொய் சொல்லி அலுத்துவிட்டிருந்தது அவருக்கு.

"தெரியலண்ணே" என்றார். "நானும் அங்க போறத நிறுத்திட்டேன். உங்களுக்குத் தெரியாது, என் அம்மா..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"உங்கம்மா படுத்திருந்த கட்டில்லதான்டா என்னைப் போட்டாங்க. இடமில்ல, இடமில்லன்னு என்னை அலைய விட்டவங்க, ஒருநாள் கூப்பிட்டு, இடம் காலி, வாங்கன்னாங்க. யாரு போனதுன்னு கேட்டேன். அப்ப சொல்லல. அப்புறம் நீ வந்து உட்கார ஆரம்பிச்சியே, அப்ப சிஸ்டர் கண்ணாடி வழியா உன்னைக் காட்டினா. அவரோட அம்மான்னா."

படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார் இவர். "அப்ப ஏன் என்கிட்ட ஒண்ணுமே கேக்கல?"

"கேட்டா எழுந்து போயிடுவ."

இருமல் வந்தது. நெடுநேரம் இருமினார். ஓய்ந்ததும் குரல் இன்னும் தேய்ந்திருந்தது.

"கட்டில்ல படுத்து இந்தப் பக்கம் திரும்பினா உன் பின்மண்டை தெரியும். நடுவுல வழுக்கை. எல்லாருக்கும் வெளிய ஒரு ஆள் இருக்கு. எனக்கு அந்த மண்டைன்னு வெச்சுக்கிட்டேன். எனக்கு மட்டும் இல்லாத ஆளான்னு ஒரு வீம்பு. திடீர்னு ஒருநாள் பாத்தா நாற்காலி காலி." நிறுத்தி மூச்சு வாங்கினார். "உன்னாலதான் நிறுத்தினேன்னு ரொம்ப நெனச்சுக்காத. எல்லாமே அலுத்துப்போச்சு. அதுவும் ஒண்ணு. அவ்வளவுதான்."

கீழே டயரை உருட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. லிஃப்ட் மெக்கானிக் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அண்ணே, தாழ்ப்பாளத் திறங்க."

கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"மாட்டீங்களா?"

"முடியலடா" என்றார் லாரி. சின்னக் குரல். கூடத்தை அதிரவைத்த அந்த மனிதரிடமிருந்து அப்படி ஒரு குரலை இவர் கேட்டதே இல்லை. "காலைல இருந்து பாக்குறேன். எழுந்துக்க முடியல. உள்ள வாடா."

வெளிப்பக்கம் திறக்கும் கதவு. கீல்கள் இந்தப் பக்கமே இருந்தன. பையிலிருந்து சுத்தியலையும் ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்து, கீல்களின் ஊசிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கழற்றினார். கதவைப் பெயர்த்துச் சுவரில் சாய்த்தார். லாரி சுவரோரம் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். முகம் ஊதிக் கண் இடுங்கியிருந்தது. பக்கத்தில் ஒரு பெரிய தண்ணீர்க் குடம், காலியாக. டயாலிசிஸ் ஆட்களுக்குத் தண்ணீர் அளந்துதான். நாக்கு வறண்டால் ஒரு ஐஸ் துண்டை வாயில் போட்டுச் சப்பலாம், அவ்வளவுதான்.

குடத்தை இவர் பார்ப்பதைப் பார்த்து லாரி, "ஆசை தீரக் குடிச்சேன்டா" என்றார். "தேனா இருந்துச்சு."

"குடிச்சீங்க இல்ல, போதும். வாங்க."

டயர் கடைக்காரரும் வேலையாட்களும் ஓடிவந்தார்கள். நாற்காலியில் உட்காரவைத்து, ஆளுக்கொரு நாற்காலிக் காலைப் பிடித்து, அந்தச் செங்குத்துப் படியில் இறக்கினார்கள். கடை வேனின் பின்பக்கம் டயர்களுக்கு நடுவே இடம் பண்ணிச் சாய்த்தார்கள். "கடைசியில என்னையும் சரக்காக்கிட்டீங்களேடா" என்று முனகிய லாரி, வண்டி கிளம்பியதும் இவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசல்வரை விடவில்லை. இவர் அந்தக் கையின் முழங்கையடியில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். உறுமிக்கொண்டுதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் அவசரத்துக்கு ஆள் இருந்தார்கள். தலைமை நர்ஸுக்குப் போன் போய், அவர் வீட்டிலிருந்து தலையை வாரிக்கூட முடிக்காமல் வந்து சேர்ந்தார். லாரியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். கதவு மூடியது. லிஃப்ட் மெக்கானிக்கால் உட்காரமுடியவில்லை. சுவருக்கும் சுவருக்கும் நடந்தார். டாக்டர் வேகமாக உள்ளே போனார், வெளியே வரவில்லை. மெஷின் கீச்சிட்டது. நின்றது. மறுபடி கீச்சிட்டது.

கொஞ்சம் தள்ளி யாரோ எழுந்து நிற்பது தெரிந்தது. பட்டாணி அக்கா. அவருடைய கணவருக்கும் முந்தின நாள் மூச்சுத் திணறி, வார்டில் சேர்த்திருந்தார்கள். மருந்து வாங்க வந்தவர் சத்தம் கேட்டு இந்தப் பக்கம் வந்திருக்கிறார். கையில் பட்டாணி இல்லை.

"இப்ப யாரு உள்ள?" என்றார். குரலில் குத்தல் இருந்தது.

"லாரி அண்ணன். நெஜமாத்தான்க்கா. வேணும்னா பாத்துக்கங்க."

பட்டாணி அக்கா கண்ணாடி வழியாகப் பார்த்தார். திரும்பினார். இவருடைய சட்டையெல்லாம் டயர்க் கரி.

"நான் சொன்னத வேற யார்கிட்டயும் சொன்னீங்களா?"

"இல்லக்கா. அம்மா உள்ள இருக்காங்கன்னு சொன்னது பொய். ஆனா அன்னைக்கு நீங்க சொன்னப்போ எனக்கும் தோணியிருக்குன்னு சொன்னேனே, அது பொய் இல்ல. அம்மா போயிட்டா நல்லாருக்கும்னு நெனச்சிருக்கேன். ஒரு தடவை இல்ல. அப்புறம் அவங்க போயிட்டாங்க. நான் நெனச்சதாலதான் போனாங்களோன்னு..."

ஆஸ்பத்திரிக் கூடத்தில், நின்றபடியே, ஐம்பது வயது மனிதர் தோள் குலுங்க அழுதார். அம்மா செத்த அன்றுகூட அவர் இப்படி அழவில்லை.

பட்டாணி அக்கா அழவிட்டார். பிறகு முழங்கையைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

"நெனச்சதெல்லாம் நடக்கும்னா எங்க மாமியார் என் கல்யாண வருஷமே போய்ச் சேர்ந்திருக்கணும். தொண்ணூறு வயசுல பல்லு விழாம உட்கார்ந்திருக்கு."

அழுகையோடு அழுகையாக இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பட்டாணி அக்கா சிரிக்கவில்லை. "உங்க மேல கோவம் போகல. அது வேற" என்றார். ஆனால் எழுந்து போகவும் இல்லை. டாக்டர் வெளியே வந்து, "தாண்டிட்டாரு" என்று சொல்லும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அன்று வீட்டுக்குப் போனதும் தங்கைக்கு இவரே போன் செய்தார். அன்றைக்குச் சளி இல்லை என்று ஆரம்பித்து, லிஃப்ட் பெட்டிமேல் கொக்கியோடு நின்றதுவரை சொன்னார். முழுவதையும் கேட்டுவிட்டுத் தங்கை, "நான் கிளம்பி வர்றேன்" என்றாள். "வேணாம், எதுக்கு" என்று அவர் சொல்லவில்லை. "வா" என்றார். வந்தவள் அவரை ஒரு மனநல டாக்டரிடம் அழைத்துப் போனாள். அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னண்ணா, தீப்பெட்டிக் கம்பெனியா நடத்துற?" என்றும் கேட்டாள்.

லாரிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து விடுதலை கிடைத்தபோது, மாடிப்படி ஏறவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "ஒரு வாரம் என் வீட்ல இருங்க. தரைத்தளந்தான்" என்றார் லிஃப்ட் மெக்கானிக். "ஒரே வாரந்தான்" என்று லாரி விரலை ஆட்டிச் சொன்னார். அந்த வாரம் எத்தனையோ வாரமாக நீண்டது. இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். ஃபேனை இவர் குறைத்தால் அவர் கூட்டுவார். உப்பில்லாத சாப்பாட்டைப் பார்த்து, "மாட்டுக்குக்கூட இதைவிட நல்லா வைப்பாங்க" என்பார். தண்ணீர் அளக்கும் டம்ளரை ஒளித்துவைப்பார். லிஃப்ட் மெக்கானிக் சத்தம் போடுவார். வாழ்நாளில் அவர் யாரிடமும் இவ்வளவு சத்தம் போட்டதில்லை. பட்டாணி அக்கா கூடத்தில் இவர்களைப் பார்க்கும்போது பேசுவார், சில நாள் பேசமாட்டார். அவருடைய கணவருக்கு உடம்பு மோசமாகிக்கொண்டே வந்தது. அக்காவுக்கு முடியாத நாட்களில் வார்டுக்குச் சாப்பாட்டை இவர் கொண்டுபோய்க் கொடுத்தார்.

டயாலிசிஸ் இல்லாத நாட்களில் லாரிக்குப் பொழுது நகராது. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடப்பார். ரோட்டில் பெரிய வண்டி போனால், பார்க்காமலே என்ன வண்டி, எத்தனை பாரம் என்று சொல்வார். ஒரு சனிக்கிழமை மதியம், "எங்கயாச்சும் கூட்டிட்டுப் போடா. எங்கயாச்சும். சுவத்தப் பாத்துப் பாத்து மூச்சு முட்டுது" என்றார்.

இரண்டு பேரும் டவுன் பஸ்ஸில் ஏறினார்கள். டிரைவருக்குப் பக்கவாட்டில், முன்கண்ணாடியை ஒட்டிய நீள சீட்டில் லாரியை உட்காரவைத்தார் இவர். சாலை முழுவதும் அகலமாக முன்னால் விரிந்தது. லாரியின் வலது கால் தரையில் தானாக அழுந்தியது. முதல் வளைவிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, கியரு அழுவுது பாரு. கிளச்ச முழுசா மிதிச்சு மாத்து."

டிரைவர் கண்ணாடியில் முறைத்தார். "பெருசு, நீங்க ஓட்டுறீங்களா?"

"குடு, ஓட்டுறேன்."

பஸ்ஸில் சிரிப்பு கிளம்பியது. லிஃப்ட் மெக்கானிக்குக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அண்ணே, சும்மா வாங்க. இறக்கி விட்டுடப்போறாங்க" என்று கையைப் பிடித்து அழுத்தினார்.

"இறக்கிவிட்டா அடுத்த பஸ்ல ஏறுவோம்" என்றார் லாரி, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்த ரூட்டு எங்க போய் முடியுது?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம். இன்னும் அரைமணி நேரம் ஆகும்."

"ஆகட்டும்."

பின்னால் நின்றிருந்த ஒரு கைக்குழந்தைக்காரி தடுமாறினாள். லிஃப்ட் மெக்கானிக் எழுந்து அவளுக்கு இடம் கொடுத்துவிட்டு, மேலே தொங்கிய கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். குழந்தை லாரியின் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. அவர் அதை ஒரு கையால் விலக்கிக்கொண்டே, டிரைவரைப் பார்த்து, அடுத்த திருப்பத்தில் எப்போது பிரேக்கைத் தொடவேண்டும் என்று சத்தமாகச் சொல்லத் தொடங்கினார்.